பத்து விரல்கள், 1,024 அறைகள்: கல்கத்தாவில் போட்ட கைரேகைக் கணக்கு

கைரேகையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒருவர் ரேகை போல இன்னொருவருக்கு இருக்காது என்பதை முதலில் கண்டவர் ஹெர்ஷலா, ஃபால்ட்ஸா, கால்டனா என்ற தகராறு அது. என் பார்வையில் அது இந்த வரலாற்றின் சுலபமான பாதி. ரேகை தனித்தன்மை கொண்டது என்று தெரிந்தால் மட்டும் ஒரு திருடனையும் அடையாளம் காண முடியாது. சிறைக்கு வந்தவன் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்கிறான். அவன் ஏற்கெனவே தண்டனை பெற்றவனா என்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் பல்லாயிரம் ரேகைத் தாள்கள் அடுக்கியிருக்கின்றன. அவன் சொன்ன பெயர் பொய் என்பதால் அகரவரிசை உதவாது. எந்தத் தாளை எடுத்துப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் கைரேகை காவல்துறையின் கருவியானது. அந்த விடை கல்கத்தாவில் 1890களின் நடுவில் உருவானது. அதைப் போட்டவர்களில் இருவரின் பெயர்கள் முறையின் பெயரில் இடம்பெறவில்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1858 ஜூலையில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலை போடுவதற்கான பொருள்களைத் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் உள்ளங்கை முழுவதையும் மையில் பதித்து வாங்கினார். கையெழுத்து தன்னுடையதல்ல என்று அவர் பின்னால் மறுக்கக் கூடாது என்பதே நோக்கம். 1877-இல் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பத்திரப்பதிவு, ஓய்வூதியம், சிறை மூன்றிலும் விரல் பதிவைப் புகுத்தினார். இன்றும் நம் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பெருவிரலை உருட்டி வாங்குகிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஆனால் ஹெர்ஷல் கேட்டது “வந்திருப்பவர் இவர்தானா?” என்ற கேள்வி. பெயர் தெரியும், பழைய பதிவும் எதிரே இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். “இவர் யார்?” என்ற கேள்வி முற்றிலும் வேறு வகை.

டோக்கியோவில் மருத்துவராக இருந்த ஹென்றி ஃபால்ட்ஸ், குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்று 1880 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஃபிரான்சிஸ் கால்டன் 1892-இல் ரேகைகளை வில் (ஒரு பக்கம் நுழைந்து வளைந்து மறுபக்கம் போவது), கண்ணி (வளைந்து வந்த பக்கமே திரும்புவது), சுழி (வட்டமாகச் சுழல்வது) என்று மூன்று வகையாகப் பிரித்து, வயதானாலும் அவை மாறுவதில்லை என்பதைச் சான்றுகளோடு காட்டினார். அதே 1892-இல் அர்ஜென்டினாவின் நெகோச்சேயாவில், தன் இரு குழந்தைகளைக் கொன்றுவிட்டு அண்டை வீட்டுக்காரர் மேல் பழி போட்ட பிரான்சிஸ்கா ரோஹாஸ் என்ற பெண், கதவில் பதிந்த ரத்தப் பெருவிரல் ரேகையால் பிடிபட்டார். அங்கே காவல்துறையில் இருந்த ஹுவான் வுசெட்டிச் தனக்கென ஒரு வகைப்பாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் பின்னர் அவர் வழியில் போயின. அது தனியாக எழுத வேண்டிய கதை.

கால்டனின் மூன்று வகை ஏன் போதவில்லை? மனித விரல்களில் சுமார் 60 முதல் 65 விழுக்காடு கண்ணி. சுழி 30 முதல் 35 விழுக்காடு. வில் 5 விழுக்காடு அளவே. விரல் விரலாக எழுத்துகளை எழுதி அடுக்கினால், பத்திலும் கண்ணி உள்ளவர்களின் தாள்கள் ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஆயிரம் தாள் இருக்கும்போது சமாளிக்கலாம். ஐம்பதாயிரம் ஆகும்போது அந்தக் குவியலே ஒரு அலுவலகம் அளவுக்கு வளரும்.

அப்போது உலகம் முழுவதும் பேசப்பட்டது பாரிஸின் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோனின் உடலளவு முறை. தலையின் நீளம், அகலம், நடுவிரல், இடது பாதம், முன்கை என்று பதினொரு அளவுகள். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிரித்தால் 3×3×3×3×3, அதாவது 243 தொகுதிகள். யோசனை அழகானது. சிக்கல் எல்லையில் நிற்கிறது. தலையின் நீளம் ‘நடுத்தரம்’ முடிந்து ‘பெரிது’ தொடங்கும் இடத்தில் இருந்தால், அளப்பவர் கை ஒரு மில்லிமீட்டர் அழுத்தினாலும் தாள் வேறு தொகுதிக்குப் போய்விடும். அதனால் இரண்டு தொகுதியிலும் தேட வேண்டும். மூன்று அளவுகள் இப்படி எல்லையில் நின்றால் எட்டுத் தொகுதிகள். வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றி இந்த முறையை அங்கே நடத்திப் பார்த்தவர். கருவிகள் விலை அதிகம், பழுதானால் அளவு பிசகும், அளப்பவருக்கு நீண்ட பயிற்சி வேண்டும், ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால் இரண்டு கணக்கு வரும் என்பதெல்லாம் அவருக்கு அனுபவத்தில் தெரியவந்தது. 1896 ஜனவரியில் உடலளவோடு பத்து விரல் ரேகையும் எடுக்க அவர் உத்தரவிட்டார். தாள்கள் குவியத் தொடங்கின. அடுக்கும் வழி இன்னும் இல்லை.

ஹக்கின் கணக்கு

அந்த அலுவலகத்தில் காஜி அஜீஜுல் ஹக் என்ற இளம் உதவி ஆய்வாளர் இருந்தார். பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர் என்பதால்தான் ஹென்றி அவரை இந்த வேலைக்கு எடுத்தார். முதல்நிலை வகைப்பாட்டின் கணிதத்துக்கு அவர் பெயரையே சொல்ல வேண்டும் என்பது என் துணிபு. ஓடும் ரயிலில் ஹென்றிக்குத் திடீரென யோசனை தோன்றியது என்றும், தாள் இல்லாததால் சட்டைக் கைப்பட்டியில் எழுதிக்கொண்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. ஆனால் தம் முறையை முழுமையாக்கியதில் ஊழியர்களிலேயே ஹக்கின் பங்குதான் பெரிது என்று ஹென்றியே பின்னாளில், 1920களில், எழுத்தில் ஒப்புக்கொண்டார். ரயில் கதையைவிட இந்த ஒப்புதல் வலுவான சான்று.

கணக்கு இதுதான். விரல்களுக்கு எண் போடுங்கள். வலது பெருவிரல் 1, சுட்டுவிரல் 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5. இடது பெருவிரல் 6, அப்படியே சுண்டுவிரல் வரை 10. இப்போது இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து ஜோடிகள். ஒரு விரலில் இருப்பது சுழியா, சுழி இல்லையா என்பது மட்டுமே இப்போதைய கேள்வி. வில்லைக் கண்ணியோடு சேர்த்துவிடலாம், கலவை உருவங்களைச் சுழியோடு சேர்த்துவிடலாம். ஒரு ஜோடியில் நான்கு வாய்ப்புகள்: இரண்டிலும் சுழி இல்லை, முதலாவதில் மட்டும், இரண்டாவதில் மட்டும், இரண்டிலும். ஐந்து ஜோடிக்கு 4×4×4×4×4 = 1,024. அது 32-இன் வர்க்கம். ஆகவே 32 வரிசை, 32 நிரல் கொண்ட மரப்பெட்டி ஒன்று போதும். ஒவ்வொரு மனிதருக்கும் அதில் ஒரே ஓர் அறை.

எந்த அறை என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மதிப்பு கொடுத்தார்கள். முதல் ஜோடிக்கு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1. சுழி உள்ள விரலுக்கு மட்டும் மதிப்பு உண்டு, மற்றவை பூஜ்யம். இரட்டைப்படை எண் விரல்களின் மதிப்பைக் கூட்டி மேலே எழுத வேண்டும், ஒற்றைப்படை விரல்களின் கூட்டல் கீழே. பின்னம் போல ஒரு வடிவம் வரும். இரண்டிலும் ஒன்றைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் சுழியே இல்லாதவருக்கு 0/0 வரும், பெட்டியிலோ அறைகள் 1 முதல் 32 வரை.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு வலது பெருவிரல் (1), வலது மோதிரவிரல் (4), இடது பெருவிரல் (6) மூன்றில் சுழி, மற்ற ஏழிலும் கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4-ஆம் விரல் இரண்டாம் ஜோடியில் இருக்கிறது, மதிப்பு 8. 6-ஆம் விரல் மூன்றாம் ஜோடி, மதிப்பு 4. இரண்டும் இரட்டைப்படை, ஆகவே மேலே 8+4+1 = 13. 1-ஆம் விரல் முதல் ஜோடி, ஒற்றைப்படை, கீழே 16+1 = 17. இவருடைய எண் 13/17. இதே மூன்று விரல்களில் சுழி உள்ள எல்லாருடைய தாளும் அந்த ஓர் அறையில் இருக்கும், வேறெங்கும் இருக்காது. பத்திலும் சுழி இல்லாதவர் 1/1, பத்திலும் சுழி உள்ளவர் 32/32.

இதன் அருமை பெர்த்தியோன் முறையோடு ஒப்பிட்டால்தான் புரியும். அங்கே அளவு, இங்கே உருவம். சுழி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அளவுகோல் வேண்டாம். கருவி என்று சொன்னால் மையும், உருளையும், கைக்கண்ணாடியும்தான்.

ஆனாலும் 1/1 அறை நிரம்பி வழியும். கண்ணியே பெரும்பான்மை என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. அதற்குத்தான் அடுத்தடுத்த படிகள். சுட்டுவிரல்களின் உருவத்தை எழுத்தாகக் குறிப்பது இரண்டாம் படி, வலக்கை மேலே, இடக்கை கீழே. அதற்கடுத்து வரிக்கணக்கு. கண்ணி உருவத்தில் வரிகள் ஒரு பக்கத்திலிருந்து வந்து வளைந்து அதே பக்கம் திரும்பும். அதற்கு ஒரு மையமும் ஒரு டெல்டாவும் உண்டு. டெல்டா என்பது மூன்று திசை வரிகள் பிரியும் இடம். டெல்டாவிலிருந்து மையத்துக்கு ஒரு நேர்கோடு போட்டு, அது எத்தனை வரிகளை வெட்டுகிறது என்று எண்ண வேண்டும். டெல்டாவையும் மையத்தையும் சேர்த்து எண்ணக் கூடாது. புதியவர்கள் அடிக்கடி பிசகுவது இங்கேதான். ஹென்றி முறையில் சுட்டுவிரலில் 9 வரை ஒரு பிரிவு, 10-லிருந்து அடுத்த பிரிவு. நடுவிரலில் 10 வரை ஒன்று, 11-லிருந்து அடுத்தது. ஒரு வரி கூடக் குறைய எண்ணினால் தாள் வேறு கட்டுக்குப் போய்விடும். சுழிக்கு வேறு வழி. அதற்கு இரண்டு டெல்டா. இடது டெல்டாவின் கீழ் வரியைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் போக வேண்டும். அது வலது டெல்டாவுக்கு உள்ளே மூன்று வரியோ அதற்கு மேலோ தள்ளிப் போகிறதா, அதே அளவு வெளியே போகிறதா, கிட்டத்தட்ட சந்திக்கிறதா என்று பார்த்து மூன்றாகப் பிரிப்பார்கள். கடைசியாகச் சுண்டுவிரலின் வரிக்கணக்கு. இவ்வளவும் முடிந்தால் ஐம்பதாயிரம் தாளிலும் பார்க்க வேண்டியவை ஒரு கைப்பிடிதான்.

எல்லைச் சிக்கல் இங்கே முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கண்ணியா சுழியா என்று நிபுணரே தயங்கும் உருவங்கள் உண்டு. அப்படியானால் இரண்டு விதமாகவும் எண் போட்டு இரண்டு அறையிலும் தேட வேண்டும். விரல் துண்டாகிப் போயிருந்தால் மறுகையின் அதே விரலில் உள்ள உருவமே அதற்கும் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். இரண்டு கையிலும் அதே விரல் இல்லை என்றால் சுழி என்று கொள்வது விதி. எல்லா அலுவலகமும் இதே விதியைக் கடைப்பிடித்தால்தான் ஒருவர் தாளை இன்னொருவர் கண்டெடுக்க முடியும்.

தாள் எடுப்பதில் வரும் பிசகுகள்

மொத்தக் கட்டடமும் ஒரு தலைமைக் காவலர் சிறை வாசலில் எடுக்கும் தாளின் மேல் நிற்கிறது. அச்சு மையை ஒரு துளி கண்ணாடிப் பலகையிலோ உலோகப் பலகையிலோ வைத்து, ரப்பர் உருளையால் மெல்லிய படலமாக ஆகும்வரை தேய்க்க வேண்டும். படலம் தடித்தால் மை பள்ளங்களில் இறங்கி வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு எண்ண முடியாது. விரலை ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைக்க வேண்டும். நம் வெயிலில் வியர்வை நிற்காது, வியர்த்த விரல் வெள்ளைத் திட்டுகளை விட்டுவிடும். நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டாக உருட்ட வேண்டும். பெருவிரலை உடலை நோக்கி உருட்டுவதும், மற்ற விரல்களை உடலிலிருந்து விலக்கி உருட்டுவதும் வழக்கம். கை அப்போது இறுக்கத்திலிருந்து தளர்வுக்குப் போகும், அதனால் ரேகை இழுபடாது. பிடித்திருப்பவர்தான் உருட்ட வேண்டும், கைதி தானாக உருட்டக் கூடாது. கைதி உதவ முனைந்தால் பதிவு வழுக்கிவிடும்.

உருட்டிப் பதித்தாலொழிய டெல்டா தாளில் விழாது. டெல்டா இல்லாவிட்டால் வரிக்கணக்கு இல்லை, கண்ணியா சுழியா என்ற முடிவும் சில நேரம் இல்லை. அழகாகத் தெரியும் நடுப்பகுதி மட்டும் பதிந்த தாள் வகைப்பாட்டுக்குப் பயன்படாது.

இதைவிட மோசமானது விரல் மாறிப் பதிவது. மேலே பார்த்த 13/17 ஆளுக்கு வலக்கை இருக்க வேண்டிய கட்டங்களில் இடக்கையையும், இடக்கைக் கட்டங்களில் வலக்கையையும் பதித்துவிட்டால் சுழிகள் 6, 9, 1 என்ற எண்களுக்குப் போய்விடும். கணக்கு 5/18 ஆகும். தாள் கெடவில்லை, ரேகைகள் தெளிவாக இருக்கின்றன, ஆனால் அந்த ஆள் பதிவேட்டில் இல்லாதவன் ஆகிவிடுகிறான். இதைப் பிடிப்பதற்காகவே தாளின் கீழே நான்கு விரல்களையும் ஒன்றாக அழுத்தி இன்னொரு முறை பதிக்கிறார்கள். மேலே உருட்டிய வரிசையும் கீழே அழுத்திய வரிசையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் எண் போடத் தொடங்கவே கூடாது.

ஜல்பாய்குரி வழக்கு

1897-இல் இந்திய அரசு இந்த முறையைச் சோதிக்க இருவர் குழுவை அமர்த்தியது. சர்வேயர் ஜெனரல் சார்ல்ஸ் ஸ்ட்ராஹன் ஒருவர், வேதியியலாளர் அலெக்சாண்டர் பெட்லர் மற்றவர். எளிமை, செலவு, துல்லியம், வேகம் எதில் பார்த்தாலும் உடலளவு முறையைவிட இதுவே மேல் என்று மார்ச் மாதம் அறிக்கை தந்தார்கள். 1897 ஜூன் 12-ஆம் தேதி அரசு ஒப்புதல் தந்தது. கல்கத்தாவின் உடலளவு அலுவலகம் கைரேகை அலுவலகமானது. லண்டனில் இத்தகைய அலுவலகம் 1901 ஜூலையில்தான் திறக்கப்பட்டது, அதுவும் கல்கத்தாவிலிருந்து போன ஹென்றியின் கையால். இதை நம் பள்ளிப் பாடங்களில் சொல்லித்தர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அதே 1897 ஆகஸ்டில் ஜல்பாய்குரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பணம் களவு போயிருந்தது. அவருடைய பெட்டியில் இருந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின் நீல அட்டையில் மங்கலான பழுப்புக் கறைகள். அதில் ஒன்று ரேகை. சமையல்காரர், கூலிகள், பழைய பகையாளிகள் என்று சந்தேகம் பலர் மேல் விழுந்தது. இறந்தவரிடம் முன்பு வேலை பார்த்து, அவரிடமே திருடித் தண்டனை அனுபவித்த காங்காலி சரண் என்பவனின் ரேகை அலுவலகத்தில் இருந்தது. அவனுடைய வலது பெருவிரலோடு கறை பொருந்தியது. அது பாலூட்டியின் ரத்தம் என்று ரசாயனப் பரிசோதகர் சொன்னார். 1898-இல் வழக்கு நடந்தது. செஷன்ஸ் நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக் குற்றத்தை ஏற்கவில்லை. அவன் அந்தப் பஞ்சாங்கத்தைத் தொட்டான் என்பது நிரூபணமானது, கொன்றவன் அவனே என்பதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ரேகை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை முதல் வழக்கிலேயே இவ்வளவு நிதானமாகப் பிரித்துப் பார்த்த தீர்ப்பு எனக்குப் பெரும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு, 1899-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம், சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் விரல் ரேகையைச் சேர்த்தது. இன்று அது பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆவது பிரிவு.

இந்த வழக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவனை 1,024 அறைகளில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. சந்தேகத்துக்குரியவன் என்று விசாரணை காட்டியபின் அவன் தாளை எடுத்து ஒப்பிட்டார்கள். வேறு வழி கிடையாது. ஹக்கின் கணக்குக்குப் பத்து விரலும் வேண்டும். சம்பவ இடத்தில் கிடைப்பதோ ஒரு விரல், அதிலும் பாதி. அது எந்தக் கையின் எந்த விரல் என்றுகூடப் பெரும்பாலும் தெரியாது. நூலகத்தில் புத்தகத்தின் கிழிந்த ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அட்டவணையில் தேடுவதைப் போன்ற நிலை. லண்டனில் 1905-இல் டெப்ட்ஃபோர்டு கடைக்காரத் தம்பதி கொலையிலும் இப்படித்தான். காசுப் பெட்டியில் கிடைத்த பெருவிரல் ரேகை அலுவலகத்தில் இருந்த பல்லாயிரம் தாள்களில் யாருக்கும் பொருந்தவில்லை. சாட்சிகள் சொன்னதை வைத்து ஸ்ட்ராட்டன் சகோதரர்கள் பிடிபட்ட பிறகே ஆல்ஃபிரெட் ஸ்ட்ராட்டனின் வலது பெருவிரலோடு ஒத்துப்போனது. இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஒற்றை விரலை அடுக்கும் வழியை நாடியவர்களில் முக்கியமானவர் கல்கத்தா அலுவலகத்தின் ஹேம் சந்திர போஸ். ஒற்றை விரல் வகைப்பாட்டையும், ரேகையின் விவரத்தைத் தந்தியில் எழுத்தும் எண்ணுமாக அனுப்பும் குறியீட்டையும் அவர் வகுத்தார். ஒளிப்படத்தை அஞ்சலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டிய காலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி! லண்டனில் ஹாரி பேட்லி 1930 வாக்கில், ஒரே மையமுள்ள வட்டங்கள் வரைந்த கண்ணாடியை ரேகையின் மேல் வைத்து, டெல்டா எந்த வட்டத்தில் விழுகிறது என்று குறித்து, பத்து விரலுக்கும் பத்துத் தொகுப்புகள் வைத்தார். வேலை மிகுதி காரணமாக வீடு புகுந்து திருடுபவர்கள் போன்ற சிலரின் தாள்களை மட்டுமே இப்படி அடுக்க முடிந்தது. ஹக்குக்கு கான் பகதூர், போஸுக்கு ராய் பகதூர் பட்டங்கள் கிடைத்தன. முறைக்கு மட்டும் ஹென்றியின் பெயரே நின்றுவிட்டது. ஹென்றி–ஹக்–போஸ் முறை என்று எழுதுவதே சரி.

சம்பவ இடத்து ரேகை

சம்பவ இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ரேகையை வெளிக்கொணர, கண்ணாடி, எனாமல், வண்ணம் பூசிய இரும்பு போன்ற வழுவழுப்பான பரப்புகளில் பொடி தூவுவார்கள். தூரிகையின் நுனியில் மிகச் சிறிதளவு எடுத்து, வரிகள் தெரியத் தொடங்கியதும் வரியின் போக்கிலேயே தடவ வேண்டும். குறுக்கே தடவினால் பள்ளங்களில் பொடி நிரம்பிவிடும், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. நாடாவில் ஒட்டி எடுப்பதற்கு முன்னால் அளவுகோல் வைத்து ஒளிப்படம் எடுத்தே ஆக வேண்டும், நாடா பிய்ந்தால் மிஞ்சுவது படம் ஒன்றுதான். ஈரமான பரப்பில் பொடி போடக் கூடாது, காயும்வரை பொறுக்க வேண்டும்.

காகிதத்துக்குப் பொடி ஏறாது. வியர்வையின் அமினோ அமிலம் காகித இழைக்குள் இறங்கிவிடும். அதற்கு நின்ஹைட்ரின், 1954-இல் சுவீடனில் ஓடென், வான் ஹோஃப்ஸ்டன் இருவரும் காட்டிய வழி. ஊதா நிறத்தில் வரிகள் எழும். சூடும் ஈரப்பதமும் இருந்தால் சில நிமிடம், அறை வெப்பத்தில் விட்டால் ஒன்றிரண்டு நாள். கரைசலில் அசிட்டோன் இருந்தால் பேனா மை ஓடிவிடும், ஆகவே மிரட்டல் கடிதமோ போலிப் பத்திரமோ எதுவானாலும் முதலில் எழுத்தைப் படம் எடுக்க வேண்டும். நனைந்த காகிதத்தில் அமினோ அமிலம் கரைந்து போயிருக்கும், நின்ஹைட்ரினால் பயன் இல்லை. பிளாஸ்டிக்குக்கு 1970களின் பிற்பகுதியில் ஜப்பானியக் காவல்துறை ஆய்வகத்தில் வெளிப்பட்ட சயனோஅக்ரிலேட் ஆவி, நாம் கடையில் வாங்கும் உடனடிப் பசையேதான். மூடிய பெட்டியில் சுமார் 80 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். நேரம் கூடினால் பின்புலமும் வெளுத்து ரேகை மறைந்துவிடும். பொருளைப் பாலிதீன் பையில் தளர்வாகப் போட்டு வண்டியில் அனுப்பினால், வழியெல்லாம் உராய்ந்து, ஆய்வகத்துக்கு வரும்போது ரேகையே இருக்காது.

கணினி வந்த பிறகு

கணினி சுழி, கண்ணி பார்ப்பதில்லை. வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எந்தத் திசையில் என்பதைப் புள்ளிகளாக எடுத்துக்கொள்கிறது. அதனால் பாதி விரலைக்கூடக் கோடிக்கணக்கான விரல்களுக்கு நடுவே தேடலாம். இந்தியாவில் 2022-இல் வந்த நாஃபிஸ் என்ற தேசியத் தானியங்கிக் கைரேகை அடையாள அமைப்பு மாநிலங்களின் தாள்களை ஒன்றாகக் கோத்து, பிடிபட்ட ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் தருகிறது. போஸும் பேட்லியும் நாடியது இதுதான். அவர்கள் எதிர்கொள்ளாத ஓர் ஆபத்தும் இதோடு வந்தது. தேடும் இடம் பெரிதாகப் பெரிதாக, தவறான ஆளின் ரேகையே வியக்கத்தக்க அளவு ஒத்துப்போவது கிடைக்கும்.

2004 மார்ச் 11 மேட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் வெடிதூண்டிகள் (டெட்டனேட்டர்கள்) இருந்த நீலப் பையில் ஒரு ரேகை கிடைத்தது. அமெரிக்க எஃப்பிஐ கணினி 20 பேரைக் காட்டியது. அதில் ஓர் அமெரிக்க வழக்கறிஞரின் விரல் பொருந்துகிறது என்று எஃப்பிஐயின் நிபுணர் சொல்ல, அடுத்து பார்த்த இருவரும் ஆமாம் என்றார்கள். நீதிமன்றம் அமர்த்திய வெளி நிபுணரும் அதையே சொன்னார். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் காவல்துறை ஏப்ரலிலேயே எழுதியிருந்தது. மே மாதம் அதே ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் காட்டிய பிறகுதான் வழக்கறிஞர் விடுதலையானார். அமெரிக்க நீதித்துறையின் கண்காணிப்பாளர் அலுவலகம் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காரணங்களை விரிவாகச் சொல்கிறது. இரண்டு ரேகைகளும் உண்மையிலேயே மிகவும் ஒத்திருந்தன. அதற்குமேல், தெளிவான ரேகையைப் பார்த்துவிட்டு, அதில் இருக்கும் புள்ளிகளை மங்கலான ரேகையிலும் தேடிப் ‘பார்த்துவிட்டார்கள்’. பொருந்தாத இடங்களுக்கு அழுத்தம், இழுபடல் என்று தனித்தனிச் சாக்குச் சொன்னார்கள்.

நம் உச்ச நீதிமன்றம் ஜஸ்பால் சிங் வழக்கில், 1979-இல், பெருவிரல் ரேகையை அடையாளம் காண்பது பிழைக்கு இடம் தராத துல்லிய விஞ்ஞானம் என்று சொல்லியிருக்கிறது. நீதிமன்றங்களில் இன்றும் இந்த வரி எடுத்தாளப்படுகிறது. ரேகை தனித்தன்மை உடையது என்ற அளவில் அது சரி. மங்கலான பாதி ரேகையைப் பார்த்து ஒரு மனிதர் எடுக்கும் முடிவுக்கும் அதே உறுதியைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே கைரேகை அறிக்கை வரும் வழக்கில், இரு தரப்பு வழக்கறிஞர்களும் சில கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். சம்பவ இடத்து ரேகையில் புள்ளிகளைக் குறித்தது சந்தேக நபரின் ரேகையைப் பார்ப்பதற்கு முன்னாலா, பின்னாலா? அந்தக் குறிப்பு தேதியோடு தனியாக இருக்கிறதா? பின்னால் சேர்த்த புள்ளி எது, நீக்கிய புள்ளி எது? பொருந்தாத இடம் ஏதாவது இருந்ததா, இருந்தால் அதற்கு எழுத்தில் என்ன விளக்கம்? இரண்டாவதாகச் சரிபார்த்தவருக்கு முதல்வரின் முடிவு முன்பே தெரியுமா? கணினி காட்டிய பட்டியலில் இருந்த மற்றவர்களை எந்த அடிப்படையில் விலக்கினார்கள்? ரேகை எடுப்பதற்கு முன் எடுத்த ஒளிப்படம் கோப்பில் இருக்கிறதா? பொருள் சம்பவ இடத்திலிருந்து ஆய்வகம் வரை யார் யார் கையில், எந்த உறையில் வந்தது?